கீழக்கரைச் சாலை வீட்டின் மேற்குச் சுவர்

ஆர்.எஸ்.மங்கலம்
12.2.1956

அன்புள்ள மாமாவுக்கு,

சேதுலட்சுமி எழுதுவது. நம் பிள்ளை பூமயிலும் நானும் சுகமாக இருக்கிறோம். அறுப்பு முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. உங்கள் அண்ணனுக்கு முழங்கால் வலி. அதோடுதான் தினமும் களத்துக்குப் போய்வந்தார்.

பொங்கலுக்கு வந்தபோது, ராமநாதபுரத்தில் தோதாக ஒரு வீடு அமைந்தால் எழுது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அமைந்திருக்கிறது. பூமயிலுக்கு ஏப்ரலோடு ஐந்தாம் வகுப்பு முடிகிறது. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் ராமநாதபுரம் போக வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பார்த்துவரலாம் என்று முருகம்மாள் டீச்சர் போன வாரம் எங்களைக் கூட்டிப்போனார். திரும்பும்போது அவருக்குத் தெரிந்த ஒரு வீட்டைக் காட்டினார்.

கீழக்கரை போகும் சாலையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை நடந்தே போகலாம். ஓட்டு வீடு. இரண்டு அறை, நடுவில் கூடம், பின்னால் அடுக்களை, உப்புக் கரிக்காத கிணறு. வீட்டுக்காரம்மா கீழக்கரை. நஃபீசா என்று பெயர். அவருடைய வாப்பா வியாபாரத்துக்கு வந்துபோகும்போது தங்குவதற்காக வாங்கிய வீடாம். பிறகு மகள் பேருக்கு எழுதிவைத்துவிட்டார். மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது. வெளிச்சுவர்தான் மோசம். மேற்குப் பக்கம் காரை முக்கால்வாசி உதிர்ந்து செங்கல் தெரிகிறது. சில கற்களை எலி கொறித்த மாதிரி இருக்கிறது. ஜன்னலுக்கு மேலே ஒரு விரிசல். இந்தச் சுவர் இப்படி இருப்பதால்தான் விலை நமக்கு எட்டுகிறது. வாடகைக்குப் பிடிக்கலாம் என்றால், புருஷன் உடன் இல்லாதவளுக்கு யாரும் வீடு தருவதாக இல்லை. நாலு இடத்தில் கேட்டுவிட்டேன்.

அண்ணனுக்கு நீங்களே எழுதிச் சொல்வதாகச் சொன்னீர்கள். எழுதிவிட்டீர்களா? இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. தனிக்குடித்தனம் என்ற பேச்சை நான் முதலில் எடுத்தால் நன்றாக இருக்காது. நீங்கள் சொல்லும்வரை எனக்கு எழுதும் கடிதத்தை வீட்டு விலாசத்துக்குப் போடாதீர்கள். தபால்காரர் அண்ணனிடம்தான் கொடுப்பார். அவர் யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். முருகம்மாள் டீச்சர் பேருக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போடுங்கள்.

சேதுலட்சுமி


அணைக்கட்டு வேலை முகாம்
ஆண்டிபட்டி வழி
21.2.1956

சேதுலட்சுமிக்கு நாகநாதன் எழுதியது.

உன் கடிதம் கிடைத்தது. வீட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. கூடம் எப்படி, கிணறு எப்படி என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். சுவரைப் பற்றி நாலே வரி. வீடு என்பதே சுவர்தான். இங்கே என் கீழ் முப்பது கொத்தனார் வேலை செய்கிறார்கள். வைகையையே தடுத்து நிறுத்தப் போகிற சுவரில் நான் மேஸ்திரி. எலி கொறித்த மாதிரி என்று எழுதினால் நான் என்ன புரிந்துகொள்வது?

மறுபடி போய் இந்தச் சோதனைகளைச் செய். ஒரு சின்னக் கல்லை எடுத்து, மீதியிருக்கும் காரையைக் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டே போ. சத்தம் பானையைத் தட்டுவது போல வந்தால் உள்ளே பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஆணியால் செங்கல்லைச் சுரண்டிப் பார். மாவாகக் கொட்டுகிறதா, கீறல் மட்டும் விழுகிறதா? முக்கியமாக, உதிர்ந்த காரையில் ஒரு துண்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார். உப்புக் கரித்தால் கடல் மணலில் பூசியிருக்கிறார்கள். அப்படியானால் மேலே எத்தனை தடவை பூசினாலும் நிற்காது. எல்லாவற்றையும் செங்கல்வரை சுரண்டி எடுக்க வேண்டும்.

எப்படியிருந்தாலும் விற்கிறவர்தான் சுவரைச் சரிசெய்து தர வேண்டும். அதை முதலிலேயே கறாராகச் சொல்லிவிடு. நான் வந்து பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அச்சாரம் கொடுக்காதே. பங்குனியில் லீவு கேட்டிருக்கிறேன்.

அண்ணனுக்கு எழுதுகிறேன். வேலை கொஞ்சம் நெருக்கடியாக இருக்கிறது.

நாகநாதன்


ஆர்.எஸ்.மங்கலம்
8.3.1956

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன். பூமயிலுக்கு வளையல் வாங்கப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நஃபீசா அக்கா கீழக்கரையிலிருந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். நான் கல்லை எடுத்துச் சுவரைத் தட்டினேன். இடுப்புக்குக் கீழே பானைச் சத்தம், மேலே கெட்டிச் சத்தம். ஆணியால் சுரண்டினேன். மேற்குப் பக்கம் ஏழெட்டுக் கற்கள் மாவாகக் கொட்டின. மற்றவை கீறலோடு சரி. அப்புறம் காரையை நாக்கில் வைத்தேன்.

சாலையில் மாட்டுவண்டியில் போன ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். நஃபீசா அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு கேட்டார்: "சொவத்தத் தின்னு பாத்து வீடு வாங்குறவள இப்பத்தாம்மா பாக்குறேன். கரிக்குதா?"

கரித்தது. சொன்னேன். அவர் மறைக்கவில்லை. பூசிய வருஷம் ஆற்று மணல் வண்டி கிடைக்காமல் வாப்பா கடல் மணலைக் கொட்டிவிட்டார் என்றும், அன்றைக்கே உம்மா வேண்டாம் என்று தடுத்தார் என்றும் அவரே சொன்னார்.

நீங்கள் சொன்னதையும் கறாராகச் சொன்னேன். சுவரைச் சரிசெய்து கொடுங்கள், அதன்பிறகு கிரயம் என்றேன். அவர் மாட்டேன் என்றார். வைகாசியில் அவருடைய மூத்த மகளுக்கு நிக்காஹ். கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்களாம். கட்டிக்கொண்டிருக்கும் அந்த வீட்டுக்கு மேல்தளம் போடத்தான் இதை விற்கிறார். இங்கே கொத்தனாரை விட்டால் அங்கே வேலை நின்றுபோகும். சுவருக்காக விலையில் இன்னும் குறைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். குறைத்த தொகை நியாயமாகத்தான் இருக்கிறது. நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் பத்திரம் ஆகிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய பிடிவாதம்.

என்ன சொல்வது? உடனே எழுதுங்கள். அண்ணனுக்கு எழுதியாயிற்றா?

சேதுலட்சுமி


அணைக்கட்டு வேலை முகாம்
19.3.1956

சேதுலட்சுமிக்கு,

உப்புக் கரிக்கிறது என்று தெரிந்த பிறகும் என்ன சொல்வது என்று கேட்கிறாய். விலையைக் குறைப்பார்கள், குறைக்காமல் என்ன செய்வார்கள்? அந்த அம்மாள் உண்மையைச் சொன்னதும் நீ மயங்கிவிட்டாய். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு உண்மையை எங்கே சொல்ல வேண்டும் என்று தெரியும்.

இப்போது என் கவலை அந்த விரிசல். அது நேராக மேலே போகிறதா, மூலையை நோக்கிச் சாய்ந்து போகிறதா? சாய்ந்து போனால் அஸ்திவாரம் இறங்கியிருக்கிறது. ஒன்று செய். விரலளவு அகலத்தில் காகிதம் கிழித்து, கஞ்சிப் பசை தடவி, விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் ஒட்டு. தேதியையும் எழுது. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார். சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் காகிதம் கிழிந்திருக்கும். இங்கே எஞ்சினீயர்கள் செய்வதும் இதுதான்.

பங்குனி லீவு கிடைக்கவில்லை. சித்திரையில் பார்க்கலாம். அவசரப்பட்டு எதையும் செய்துவைக்காதே. ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

நாகநாதன்


ஆர்.எஸ்.மங்கலம்
23.4.1956

அன்புள்ள மாமாவுக்கு,

காகிதம் கிழியவில்லை. மூன்றும் ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. விரிசல் நேராகத்தான் மேலே போகிறது. ஜன்னல் மேல் சட்டம் இற்றுப்போனதால் வந்த விரிசல் என்று சின்னச்சாமி கொத்தனார் சொல்கிறார். டீச்சர் ஏற்பாடு செய்த ஆள். கூலி வாங்காமல் பார்த்துச் சொன்னார். அஸ்திவாரத்தில் ஒரு முழம் தோண்டியும் பார்த்தார். கருங்கல் அஸ்திவாரமாம். நீங்கள் அடுத்த கடிதத்தில் அதைத்தான் கேட்பீர்கள் என்று நானே தோண்டச் சொன்னேன்.

நஃபீசா அக்கா நோன்பு. வெயிலில் பஸ்ஸில் வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், நான் காகிதத்தைப் பார்த்து முடிக்கும்வரை நிழலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. சாயல்குடியிலிருந்து ஓர் உப்பு வியாபாரி வந்து வீட்டைக் கேட்டிருக்கிறார். சுவரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இடித்துவிட்டு உப்பு மூட்டை அடுக்கக் கிட்டங்கி கட்டப் போகிறாராம். எனக்குப் பெருநாள்வரை வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார் அக்கா. வியாபாரக் குடும்பம் என்று எழுதினீர்களே.

மாமா, உங்கள் கடிதங்களை எல்லாம் நேற்று எடுத்துவைத்து மறுபடி படித்தேன். காரை வருகிறது, செங்கல் வருகிறது, மணல் வருகிறது, அஸ்திவாரம் வருகிறது. அண்ணன் மட்டும் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை. நான் ஒரு குறையைத் தீர்த்து எழுதினால் நீங்கள் அடுத்த குறையைக் கண்டுபிடிக்கிறீர்கள். இந்த வீடு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். வீடு வேண்டும், ஆனால் அண்ணனிடம் சொல்லப் பயமாக இருக்கிறது என்றால் அதையாவது எழுதுங்கள். நான் சுவரை நக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

பூமயில் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். டீச்சரிடம் போய் ஆறாம் வகுப்புப் புத்தகம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். உங்கள் அண்ணி கருத்தம்மாள் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இதப் படிச்சு எங்கன போகப் போறா?" என்றார். 

சேதுலட்சுமி


அணைக்கட்டு வேலை முகாம்
2.5.1956

சேதுலட்சுமிக்கு,

உன் கடிதத்தில் மரியாதை குறைந்திருக்கிறது. படித்தவள் என்பதால் அப்படி எழுதலாம் என்று நினைத்துவிட்டாய். பயம் என்று எழுதியிருக்கிறாய். முப்பது கொத்தனாரையும் எண்பது சித்தாளையும் வேலை வாங்குகிறவனுக்கு என்ன பயம்?

எனக்கு ஏழு வயதில் அய்யா செத்துப்போனார். அண்ணனுக்குப் பதினாறு. அன்றிலிருந்து என்னை வளர்த்தது அவர். தான் படிக்காமல் என்னை மூன்றாம் வகுப்புவரை அனுப்பினார். கொத்து வேலை கற்றுக்கொள்ள மதுரைக்குப் போகிறேன் என்றபோது, ஒரு ஜோடிக் காளையில் ஒன்றை விற்று அனுப்பினார். அவருக்குப் பிள்ளை இல்லை. பூமயில்தான் அவருக்குப் பிள்ளை. அந்த மனிதரிடம் போய், நானும் என் பெண்டாட்டியும் பிள்ளையும் தனியாகப் போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது? எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கு மேல் ஓடமாட்டேன் என்கிறது. இதையெல்லாம் நீ யோசித்தாயா? உனக்கு வீடு, பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம், வீடு.

சின்னச்சாமி என்பவர் யார்? அவர் சொன்னால் அஸ்திவாரம் சரியாகிவிடுமா? ஜன்னல் சட்டம் இற்றிருந்தால் அதை மாற்றும்போது மேலே இருக்கும் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அதெல்லாம் அவருக்குத் தெரியுமா? நான் வரும்வரை பொறு. அண்ணனுக்கு இதில் எதுவும் இப்போது தெரிய வேண்டாம்.

நாகநாதன்


ஆர்.எஸ்.மங்கலம்
14.5.1956

மாமாவுக்கு,

உங்கள் 2-ஆம் தேதிக் கடிதம் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்தது. வீட்டு விலாசத்தை உங்கள் கையாலேயே எழுதியிருந்தீர்கள்.

நான் கிணற்றடியில் இருந்தேன். தபால்காரர் கொடுத்த கடிதத்தை உங்கள் அண்ணன் ஆசையோடு வாங்கி, பூமயிலைக் கூப்பிட்டு, "ஒங்கய்யா காயிதம் போட்டிருக்கான், வாசி தாயி" என்றிருக்கிறார். அவளும் உரக்க வாசித்திருக்கிறாள். நான் குடத்தோடு உள்ளே வரும்போது காளை விற்ற இடம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பிள்ளை நிறுத்திவிட்டாள். உங்கள் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "நிறுத்தாத, வாசி" என்றார். முட்டுக் கொடுக்கிற இடம்வரை, அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்கிற வரிவரை, அவள் வாசித்தாள். கடைசி வரி அழுகையில் சரியாக வரவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னார்.

கருத்தம்மாள் அக்காதான் பேசினார். இடிஞ்ச வீட்டுக்கு மகாராணியாகப் போகிறவள் இந்த வீட்டில் எதற்கு நெல் குத்த வேண்டும் என்றார். இன்னும் நிறையச் சொன்னார்.  உங்கள் அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அவர் கிளம்பிப் போய்விட்டார். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. டீச்சர் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. கீழக்கரைக்குப் போய், நாலு தெருவில் விசாரித்து, நஃபீசா அக்கா வீட்டைக் கண்டுபிடித்து, வாசலில் நின்றபடியே, எங்கள் குடும்பத்துக்கு அந்த வீடு தேவையில்லை, வேறு ஆளுக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மரியாதையாகத்தான் பேசினாராம்.

வந்ததிலிருந்து அவர் பூமயிலோடுகூடப் பேசவில்லை. அவள் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு, எடுப்பாரா என்று கதவோரம் நின்று பார்க்கிறாள்.

விலாசத்தை எப்படி மறந்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

சேதுலட்சுமி


அணைக்கட்டு வேலை முகாம்
20.5.1956

லட்சுமிக்கு,

மறக்கவில்லை.

உன் மேல் கோபமாக அந்தக் கடிதத்தை எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, அண்ணனிடம் சொல்ல வேண்டியதெல்லாம் அதிலேயே வந்துவிட்டது என்று தோன்றியது. அவரிடம் நேராகச் சொல்ல எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. வீட்டு விலாசத்தை எழுதினேன். தபால்பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றேன். பிறகு போட்டுவிட்டேன். அவர் படித்துத் தெரிந்துகொண்டால் நான் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். பூமயிலை வாசிக்கவைப்பார் என்று நினைக்கவில்லை. கடைசி வரியை அடித்துவிட்டுப் போட்டிருக்க வேண்டும். அதுவும் தோன்றவில்லை.

அவர் சாப்பிடவில்லை என்று படித்ததிலிருந்து எனக்கும் ஒன்றும் இறங்கவில்லை.

ஒரு விதத்தில் இது இப்படி முடிந்ததே நல்லது. பிள்ளை ஒரு வருஷம் பொறுக்கட்டும். பத்து வயதுதானே. அடுத்த வருஷம் அண்ணன் மனசு ஆறின பிறகு நிதானமாகப் பார்க்கலாம். சுவர் நல்லதாக இருக்கிற வீடாகவே பார்க்கலாம்.

நாகநாதன்


ராமநாதபுரம்
5.6.1956

மாமாவுக்கு,

நேற்று பத்திரம் பதிந்தாயிற்று. கீழக்கரைச் சாலை வீடு என் பேரில் இருக்கிறது.

ஒரு வருஷம் பொறுக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஐந்தாம் வகுப்போடு ஒரு வருஷம் வீட்டில் இருந்த பெண்பிள்ளை எவளும் நம் தெருவில் ஆறாம் வகுப்புக்குப் போனதில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் நான் கீழக்கரை போனேன். வீடு கைவிட்டுப் போயிருக்கும், காக்கவைத்ததற்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டாவது வருவோம் என்றுதான் போனேன். நஃபீசா அக்கா கல்யாண வேலையில் இருந்தார். சாயல்குடிக்காரருக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை. என்னை உட்காரவைத்துப் பலகாரம் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஒரு ஆம்பள காயிதத்துல வேணாங்குறாக. ஒரு ஆம்பள வாசல்ல வந்து வேணாங்குறாக. வீட்ட வந்து தட்டிப் பாத்தது நீ. ஒனக்கு வேணுமா, வேணாமா?"

வேண்டும் என்றேன். அப்படியானால் உன் பேரில் வாங்கு என்றார். அவர்கள் ஊரில் வீடென்றால் பெண்ணுக்குத்தானாம். அவருடைய புருஷன் கொழும்பிலிருந்து வந்தால்கூடப் பெண்டாட்டி வீட்டுக்குத்தான் வருகிறார், அதில் அந்த மனிதருக்கு ஒரு குறைவும் இல்லை என்றார்.

சாயல்குடிப் பக்கம் என் அம்மா எனக்கு எழுதிவைத்த பனங்காட்டை என் பெரியப்பா மகன் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே கொடுத்துவிட்டேன். உங்கள் தபாலாபீஸ் சேமிப்பைத் தொடவில்லை. விலையை மறுபடி பேசினேன். அதே விலைதான், ஆனால் மேற்குச் சுவருக்கு வேண்டிய கிளிஞ்சல் சுண்ணாம்பு முழுவதையும் நஃபீசா அக்கா கீழக்கரையிலிருந்து அனுப்பித் தர வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். பத்திர ஆபீசில் புருஷன் எங்கே என்று குமாஸ்தா கேட்டார். வைகையில் சுவர் கட்டுகிறார் என்றேன்.

இனி முக்கியமானது. கிளம்பும் முன் உங்கள் அண்ணனிடம் சொன்னேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் முகத்துக்கு நேரே நின்று நான் பேசியதில்லை. கருத்தம்மாள் அக்காவிடம் சொல்வேன், அவர் சொல்வார். அன்றைக்கு மாட்டுக்கொட்டகைக்குப் போய் அவர் முன்னால் நின்றேன். வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார்.

"பெரிய மாமா, பிள்ளையப் படிக்கவைக்க வீடு வாங்கப் போறேன். எம் பேர்ல" என்றேன்.

"கேக்குறியா, சொல்லுறியா?"

"சொல்லுறேன்."

கையிலிருந்ததை உதறி முடித்தார். பிறகு வைக்கோலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கூட வந்து பாத்திருப்பேன். எனக்கென்ன, பிள்ள படிக்கிறது வேணாம்னா இருக்கு? என்னைய ஒரு மனுசனா நெனச்சு ஏன் சொல்லல?"

 அதற்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சேதுலட்சுமி


அணைக்கட்டு வேலை முகாம்
17.6.1956

லட்சுமிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். முதல் நாள் கோபம். என்னைக் கேட்காமல் பனங்காட்டை விற்றாய், என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டாய் என்று எழுத உட்கார்ந்தேன். நாலு மாதமாக நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய் என்பது அப்போது ஞாபகம் வந்தது. அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

அண்ணனுக்கு எழுதிவிட்டேன். இந்தத் தடவை முதல் வரிக்கு மேலும் ஓடியது. கொட்டகையில் அவர் கேட்டதற்குப் பதில் எழுதினேன். நல்ல பதில் இல்லை. சொன்னால் நீங்கள் சரி என்று சொல்லிவிடுவீர்கள், உள்ளுக்குள் உடைந்துவிடுவீர்கள், அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை என்று எழுதினேன். அவர் பேருக்கே போட்டேன். யாரை வாசிக்கச் சொல்வாரோ தெரியாது. ஊரே கேட்டாலும் கேட்கட்டும்.

நிற்க. ஆடி முதல் வாரம் பத்து நாள் லீவு உறுதியாகிவிட்டது. அதுவரை சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது. சின்னச்சாமியைக் கண்டிப்பாக ஏற விடாதே. சுண்ணாம்பைக் குறைந்தது பதினைந்து நாள் நீரில் ஊறப்போட வேண்டும். பழைய காரையைச் சுரண்டி எடுத்ததும் சுவரை நல்ல தண்ணீரால் நாலைந்து தடவை கழுவிக் காயவிட வேண்டும். மாவாகக் கொட்டும் கற்களைப் பெயர்த்துவிட்டுப் புதுக்கல் வைக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் ஜன்னல் சட்டத்தைத் தொட்டால் மேலே இருப்பது தலையில் விழும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

நாகநாதன்


ராமநாதபுரம்
9.7.1956

அன்புள்ள மாமாவுக்கு,

பூமயில் தினமும் பள்ளிக்கூடம் போய்வருகிறாள். இங்கிலீஷ் வாத்தியாரம்மாவைக் கண்டால் பயம், மற்றபடி குறையில்லை.

சுவர் வேலை தொடங்கிவிட்டது. ஏற விடாதே என்று நீங்கள் எழுதிய கடிதம் வரும் முன்பே சின்னச்சாமி சாரம் கட்டிவிட்டார். ஜன்னல் சட்டத்துக்கு முட்டுக் கொடுத்துத்தான் மாற்றினார். உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். உங்க வீட்டுக்காரருக்கு வேலை தெரிஞ்சிருக்கு என்று மட்டும் சொன்னார். மனசுக்குள் என்ன நினைத்தாரோ.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. போன திங்கள் மத்தியானம் கதவைத் தட்டுகிற சத்தம். போய்த் திறந்தால் கருத்தம்மாள் அக்கா, கையில் ஒரு துணி மூட்டையோடு தனியாக நிற்கிறார். அந்த அக்கா தனியாக பஸ் ஏறி நான் பார்த்ததில்லை. பிள்ளையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குப் போகிறேன் என்றார். சாயங்காலம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பூமயிலுக்குத் தலை பின்னிவிடுகிறார். சுண்ணாம்புக் குழியில் தண்ணீர் ஊற்றுகிறார். இந்த வீட்டில் விளக்குமாறு எங்கே இருக்கிறது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. இடிஞ்ச வீடு என்று சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்று முன்தினம் மட்டும் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டே, "நமக்குன்னு ஒரு வாசக்கதவு இருந்தா ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றார்.

நேற்றுக் காலை உங்கள் அண்ணன் வந்தார், பெண்டாட்டியைக் கூட்டிப்போக. உள்ளே வரமாட்டேன் என்று வேப்பமரத்தடியில் நின்றார். சுவர் முடியட்டும், வாரேன் என்று அக்கா உள்ளே இருந்தே சொல்லிவிட்டார். ஒரு மணி நேரம் நின்றார். பிறகு பூமயில் போய்க் கையைப் பிடித்தாள். அவளிடம் உங்கள் கடிதம் ஒன்றைக் கொடுத்தார். பிரிக்காத கடிதம். வந்து பத்து நாளாகியும் யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்திருக்கிறார். எழுதினவன் பிள்ளைதான் வாசிக்கணும் என்றார். இருவரும் மரத்தடியிலேயே உட்கார்ந்து வாசித்தார்கள். நான் பக்கத்தில் போகவில்லை. அவர் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னது மட்டும் கேட்டது. அதன்பிறகு உள்ளே வந்து சாப்பிட்டார்.

ஊருக்குப் போகவில்லை. இன்று விடிந்ததிலிருந்து சாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கல் கோணுகிறது, கலவை இறுகுகிறது, கரண்டி பிடிக்கிற விதமே சரியில்லை என்று சின்னச்சாமியை விரட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் அண்ணன் ஆயுளில் கரண்டி பிடித்ததில்லை. எல்லாம் நீங்கள் லீவில் வந்தபோது பேசக் கேட்டதுதான். அக்கா இன்னொரு பக்கம் தண்ணீர் போதாது என்கிறார். மத்தியானம் சின்னச்சாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கூலி வேண்டாம், விட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி நிறுத்திவைத்திருக்கிறேன்.

ஆடி முதல் வாரம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மாதமாக நீங்கள் எப்போது வருவீர்கள் என்று காத்திருந்தவள் நான்தான். இப்போது சொல்கிறேன், தயவுசெய்து ஒரு வாரம் தள்ளி வாருங்கள். நீங்களும் வந்து அந்தச் சாரத்துக்குக் கீழே நின்றால் அந்த மனிதர் அன்றைக்கே ஓடிவிடுவார், மேற்குப் பக்கம் பாதியில் நிற்கும். சுவர் முடியட்டும். அதன்பிறகு வந்து நீங்களும் உங்கள் அண்ணனும் எவ்வளவு வேண்டுமானாலும் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேதுலட்சுமி